கரண்ட் போய் வந்தால் ஊமையாகும் சவுண்ட்பார்

என்னிடம் இருக்கும் சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர், ஆஃபரில் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். வாட்ஸப்பில் பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். எத்தனை வாட், எத்தனை ஸ்பீக்கர் என்பதெல்லாம் பெட்டி மேலேயே இருக்கும், அதை விடுங்கள்.

என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். கரண்ட் போய் வந்தால் டிவிக்கு சவுண்ட்பார் ஒன்று இருப்பதே மறந்துவிடும். எச்டிஎம்ஐ ஏஆர்சியில்தான், அதாவது டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே பாருக்கு அனுப்பும் வசதியில்தான், இணைத்திருக்கிறேன். டிவி தன் சொந்த ஸ்பீக்கரில் கீச்சுக்குரலில் பேச ஆரம்பிக்கும், பார் விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா கிடக்கும். இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, முதலில் பாரையும் அப்புறம் டிவியையும் போட்டால் சரியாகும். சில நாள் அதற்கும் மசியாது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடும்போது டிவிக்குப் பின்னால் குனிந்து நிற்கிறவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

சர்வீஸுக்கு வந்தவர் கேபிளை மாற்றினார், அப்டேட் போட்டார், கடைசியில் "டிவிலதான் சார் ஃபால்ட்" என்றார். டிவிக்காரரைக் கூப்பிட்டால் அவர் பாரைக் கைகாட்டுகிறார். சவுண்ட்பார்காரர் செய்த ஒரே உருப்படியான வேலை, டிவியின் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்மிலிருந்து (சத்தத்தை டிவியே பிரித்து அனுப்புவது) பாஸ்-த்ரூவுக்கு (வந்ததை அப்படியே பாருக்குத் தள்ளிவிடுவது) மாற்றியது. பிசிஎம்மில் இருந்தால் ஏஆர்சி வழியாக இரண்டு சேனல்தான் போகும், நாம் காசு கொடுத்து வாங்கிய 5.1 (ஐந்து சேனல், தனியாக ஒரு பேஸ் சேனல்) வீண்.

நியாயமாகப் பார்த்தால் இரண்டு பேரையும் முழுசாகத் திட்ட முடியாது. ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது, டிவியும் பாரும் ஒன்றுக்கொன்று உத்தரவு அனுப்பும் சிஇசி என்ற கட்டளை வழியை நம்பி ஓடுவது. அந்த சிஇசிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் சூட்டி, தன் இஷ்டத்துக்குச் செய்து வைத்திருக்கிறது. 2017இல் எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்த, ஏஆர்சியின் அடுத்த வடிவமான ஈ-ஏஆர்சிக்கு சிஇசியை நம்பும் இந்தத் தொங்கல் கிடையாது, ஆனால் டிவி, பார் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஆப்டிகல் கேபிளுக்கு மாறிப் பார்த்தேன், டால்பி டிஜிட்டல் 5.1 சமர்த்தாக வந்தது. ஆனால் டிவி ரிமோட்டில் வால்யூம் வேலை செய்யாது. "இதுக்கு எந்த ரிமோட்டுடா?" என்று அம்மா தினமும் கேட்க, திரும்பவும் ஏஆர்சிதான்.

சரி, சத்தம்? அங்கேதான் வாயடைத்துப் போகிறேன். பின்னணி இசையில் மூழ்கிக் கிடந்த வசனமெல்லாம் தெளிவாகக் கேட்கிறது, தமிழ்ப் படத்துக்கே சப்டைட்டில் போட்டுப் பார்த்த காலம் போயே போச்சு. எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிதார் தனியாக நடந்து போவதை இந்த சப்வூஃபரில்தான் முதன்முதலாகக் கவனித்தேன். இதைப் போட்டுக் கேட்டுவிட்டு டிவி ஸ்பீக்கருக்குத் திரும்பவே முடியாது.

இருந்தாலும் வாங்காதே என்றுதான் அவனுக்குச் சொன்னேன், நேற்று ராத்திரியும் கரண்ட் போய்த் தொலைந்தது. "அப்ப உன்னோடத பாதி விலைக்குத் தாடா" என்கிறான். அதெல்லாம் தர முடியாது.