ஸ்கிரீன் ரீடருக்கு முழு ஆதரவு என்று சொல்லி 490 டாலர் வாங்கிக்கொண்டார்கள்

என்விடிஏ (திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்) வைத்துப் படிக்கும் பார்வையற்ற நண்பர்கள் யாராவது ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் வருடச் சந்தா கட்டப்போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 490 டாலர் போய்விட்டது, கோபம் இன்னும் அடங்கவில்லை.

கட்டுவதற்கு முன் சாட்டில் நேராகவே கேட்டேன், மவுஸ் தொடாமல் கீபோர்டிலேயே பாடமும் தேர்வும் முடிக்க முடியுமா என்று. "கண்டிப்பாக முடியும், எங்கள் தளம் எல்லோருக்குமானது" என்று பதில் வந்தது. இலவச மாதிரிப் பாடத்தையும் திறந்து பார்த்தேன். எச் அழுத்தினால் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடிந்தது, பட்டன்களை பட்டன் என்றே படித்தது, அப்புறம் என்ன, நம்பிக் கட்டினேன். அந்த மாதிரிப் பக்கம் பழைய ஹெச்டிஎம்எல், பணம் கட்டியவர்களுக்குத் திறப்பது புதிதாகச் செய்த வேறொன்று என்பதை யார் சொன்னார்கள்?

உள்ளே போனால் "அடுத்து" என்பது பட்டனே இல்லை. ஒரு டிவ்வுக்கு, அதாவது பக்கத்தில் வெறும் பெட்டி மாதிரி இருக்கும் பகுதிக்கு, பட்டன் வேஷம் போட்டிருக்கிறார்கள், டேப் கீயை அழுத்தினால் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. பக்கம் புதிதாக லோட் ஆகாமல் உள்ளே இருப்பது மட்டும் மாறுகிறது, ஃபோகஸ் (கீபோர்டு இப்போது நிற்கும் இடம்) பழைய இடத்திலேயே நிற்கிறது, என்விடிஏ வாயே திறப்பதில்லை. தேர்வில் விடையை மவுஸால் இழுத்துப் போட வேண்டுமாம்! கீபோர்டில் எல்லாம் இயங்க வேண்டும் என்பது இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வகைசெய்யும் டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச நெறிமுறையில், 2008-இல் வந்த 2.0-விலேயே அடிப்படை விதி, இழுக்காமல் செய்யவும் வழி வேண்டும் என்று 2023-இல் 2.2 சொல்லிவிட்டது. இங்கே ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலி ஐகான் மிதக்கிறது, அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகுமாம். எனக்கு எதற்குப் பெரிய எழுத்து?

புகார் செய்தால் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கேஷை அழியுங்கள், பிரவுசரை மாற்றுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள் (பார்வையில்லாத என்னிடம் கேட்கிறார்கள்!) என்றே போகிறது. கடைசியாகப் பேசியவர் ரொம்பக் கனிவாக, "வீட்டில் பார்வையுள்ள யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்களேன்" என்றார். 490 டாலர் கட்டியது நான், கிளிக் செய்ய இன்னொருத்தரா? ரீஃபண்ட் படிவத்தின் முடிவில் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கேப்ட்சா, ஒலியில் கேட்க வழியில்லை. அப்புறம் "பாடத்தைத் திறந்துவிட்டீர்கள், பணம் தர முடியாது" என்று புகார் டிக்கெட்டையே மூடிவிட்டார்கள்.

மாதிரிப் பாடத்தை நம்பாதீர்கள், தேர்வுப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாட்டில் சொல்வதை மெயிலில் வாங்கி வையுங்கள். வருடச் சந்தா வேண்டவே வேண்டாம், மாதச் சந்தா போதும். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன், சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) கேட்டு வங்கிக்கு இப்போதே மெயில் அனுப்ப வேண்டும்.