கிருஷ்ணகிரி பழையபேட்டை ஃபிரேம் கடை: நம்பிக் கொடுக்கலாம்

பள்ளி ஓவிய அறைக்காக, பீட்டர் லேனியன் 1960-இல் வரைந்த ‘தெர்மல்’ ஓவியத்தின் அச்சை ஃபிரேம் போடக் கொடுத்தேன். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்த லேனியன், 1959-இல் எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரை ஓட்டக் கற்று, மேலெழும் சூடான காற்றையே வண்ணத்தில் பிடித்தவர். 1964-இல் கிளைடர் விபத்தில் பட்ட காயத்தால் இறந்தார், வயது 46தான். நினைத்தாலே மனசு கனக்கிறது.

கடைக்கார அண்ணன் ஓரத்தில் ஒரு நூல்கூட வெட்டவில்லை. சுற்றிலும் மவுண்ட் அட்டை வைத்ததால் அச்சு கண்ணாடியில் ஒட்டாது. மூலை இணைப்பில் நகம்கூட நுழையவில்லை. தங்க நிறம் வேண்டாம், மெல்லிய கறுப்புச் சட்டம் போதும் என்று அவரே சொன்னார். சரியான யோசனை, நீலம் எடுப்பாகத் தெரிகிறது. சாதாரணக் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தில் மின்னுகிறது. மேட் கண்ணாடி கேட்டுப் போடுங்கள்.