ஸ்க்ரூ கேப்பா, சிமெண்ட் கேப்பா? நீலகிரியில் இருந்துகொண்டு இம்ப்ளாண்ட் வைப்பவர்களுக்கு

பல் இம்ப்ளாண்ட் வைப்பது என்று முடிவானதும் எல்லோரும் விசாரிப்பது கம்பெனியையும் விலையையும்தான். எந்த நாட்டுத் தயாரிப்பு, எத்தனை வருஷ வாரண்டி, தவணை உண்டா. மேலே உட்காரும் கேப்பை எப்படிப் பிடிக்க வைக்கப்போகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கோத்தகிரியிலோ கூடலூரிலோ குடியிருந்துகொண்டு கோயம்புத்தூரில் வைத்தியம் பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நான் ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுத்த கட்சி. அந்தச் சாய்வைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

அடியில் இருப்பது இரண்டுக்கும் ஒன்றுதான். எலும்புக்குள் டைட்டானியம் இம்ப்ளாண்ட், அதன் மேல் அபட்மெண்ட் என்கிற குட்டித் தூண், அதற்கு மேல் கேப். சிமெண்ட் முறையில் அபட்மெண்டை ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிட்டு, கேப்பைச் சிமெண்ட் தடவி ஒட்டிவிடுவார்கள். ஸ்க்ரூ முறையில் கேப்பும் அபட்மெண்டும் லேபிலேயே ஒரே துண்டாகி வந்துவிடும். கேப்பின் மெல்லும் பரப்பில் இருக்கும் ஓட்டை வழியாக ஸ்க்ரூவை இறக்கி முறுக்கி, மேலே டெஃப்ளான் டேப்பைத் திணித்து, காம்போசிட் என்கிற பல் நிற அடைப்புப் பொருளால் மூடுவார்கள். அழகில் சிமெண்ட் ஒரு படி மேல், ஓட்டையே இருக்காது. லேப் செலவு ஸ்க்ரூவுக்குச் சற்றுக் கூடலாம். மெல்லுவதில் வித்தியாசம் தெரியாது. இவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

அறுவைக்குப் பிந்தைய நாட்களிலும் இரண்டுக்கும் பேதமில்லை. பொதுவாகக் கீழ்த்தாடையில் 2 முதல் 3 மாதம், மேல்தாடையில் 4 முதல் 6 மாதம் எலும்பு பிடித்தபின்தான் கேப் பேச்சே வரும். ஆனாலும் மலைக்காரர்களுக்கு இங்கே இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, டீ. குளிரில் கொதிக்கக் கொதிக்கக் குடித்தே பழகிய வாய். முதல் 24 மணி நேரம் சூடான எதுவும் ஆகாது. ரத்தக்கட்டு கரைந்து கசிவு மறுபடி தொடங்கிவிடும். அதே காரணத்துக்காக ஸ்ட்ரா, காறித் துப்புவது, வேகமாகக் கொப்பளிப்பது மூன்றையும் விடுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போதும், அதையும் வாயில் வைத்துச் சாய்த்துவிட்டுத் தானாக வழிய விட வேண்டும். டாக்டர் 0.2% குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதித் தருவார். 10 மில்லி, ஒரு நிமிஷம், காலை, இரவு. இதைப் போட்டுக்கொண்டு நாளுக்கு ஐந்து டீ குடித்தால் பல்லும் நாக்கும் பழுப்பாகிவிடும். டீயின் டானினும் மருந்தும் சேர்ந்து செய்கிற வேலை அது. கிளீனிங்கில் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் டீயை முதலில் முடித்துக்கொண்டு மருந்தைக் கடைசியில் கொப்பளிப்பது நல்லது. பேஸ்ட் போட்டுத் துலக்கியதற்கும் மருந்துக்கும் அரை மணி இடைவெளி விடுங்கள், பேஸ்டின் நுரைப்பொருள் மருந்தின் வேகத்தைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு ஆறிய ராகிக் கூழ், குழைந்த சாதம், இட்லி. வர்க்கியை டீயில் நனைத்தாவது தின்னலாம் என்று தோன்றும். வேண்டாம், அந்தத் துணுக்கு தையலுக்குள் புகுந்தால் எடுப்பது பெரும்பாடு.

இன்னொன்று, மலைப்பாதை. மேல் கடைவாயில் எலும்பு போதாமல் சைனஸ் லிஃப்ட் (மூக்கருகே உள்ள சைனஸ் அறையின் அடித்தளத்தைத் தூக்கி எலும்புக்கு இடம் செய்வது) செய்திருந்தால், சில வாரம் விமானத்தில் போகாதீர்கள் என்பார்கள், காற்றழுத்த மாற்றம் சைனஸைப் பாதிக்கும் என்பதால். விமானக் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். காரில் மெதுவாக ஏறுகிறோம் என்பதைத் தவிர மாற்றத்தின் அளவு கிட்டத்தட்ட அதேதான். சமவெளி டாக்டருக்கு இது நினைவுக்கு வராமல் போகலாம், நீங்களே சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் கழித்து ஏறலாம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே பேச்சு.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் இறங்கும். நாலாம் நாளுக்குமேல் ஏறினாலோ காய்ச்சல், சீழ் வந்தாலோ உடனே போன் செய்யுங்கள். கீழ்த்தாடை அறுவை முடிந்து மரத்துப்போன உதடு மறுநாள் காலையிலும் மரத்தே இருந்தால் தையல் பிரிக்கிற தேதிவரை காத்திருக்காதீர்கள். நரம்பு அழுந்தியிருந்தால் சீக்கிரம் சரிசெய்வதற்குத்தான் பலன்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஸ்க்ரூவுக்கு என் ஓட்டு விழுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: கழற்ற முடியும்.

கேப்பை அழுத்தி ஒட்டும்போது, இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவிலிருந்து கிரீம் பிதுங்குவதுபோலச் சிமெண்ட் விளிம்பில் பிதுங்கும். சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் ஊன்றியிருப்பதால் அது ஓர் எல்லைக்குமேல் இறங்காது. இம்ப்ளாண்டைச் சுற்றி அப்படி ஊன்றிய நார்கள் கிடையாது, வழுக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். கேப்பின் விளிம்பு ஈறுக்குள் ஒன்றரை மில்லிமீட்டருக்குமேல் போயிருந்தால் எவ்வளவு கைதேர்ந்த டாக்டரும் முழுதாகச் சுரண்டி எடுப்பது சந்தேகம்தான். எக்ஸ்ரேயும் பாதிதான் காட்டும். பக்கத்துப் பல் இடுக்கில் இருப்பது தெரியும், கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் இருப்பது கேப்பின் நிழலில் மறைந்துவிடும். சில ரெசின் சிமெண்டுகள் எக்ஸ்ரேயில் விழுவதே இல்லை. 2009-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், சிமெண்ட் கேப் போட்டு ஈறு நோய் கண்ட இம்ப்ளாண்டுகளின் இடுக்கில் சின்ன எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தபோது 10-க்கு 8-இல் சிமெண்ட் மிச்சம் கிடந்தது. எடுத்துவிட்டதும் அவற்றில் பெரும்பாலானவை சரியாகின. ஒட்டி மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்துக்கூட இந்தத் தொல்லை தலைகாட்டும். துலக்கும்போது ரத்தம், அப்புறம் சீழ், அப்புறம் எலும்பு இறங்குவது என்று போகும்.

அடுத்த தொல்லை, ஸ்க்ரூ தளர்வது. இது இரண்டு முறையிலும் நடக்கும், ஏனென்றால் சிமெண்ட் கேப்புக்கு அடியிலும் அபட்மெண்ட் ஸ்க்ரூ இருக்கிறது. முறுக்கும்போது ஸ்க்ரூ மயிரிழை நீள்கிறது. அந்த இழுவிசைதான் இரண்டு துண்டையும் கவ்விப் பிடிக்கிறது. பல கம்பெனிகள் கேட்பது 25 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசை. விரலால் முறுக்கினால் அதில் பாதி வருவதே கஷ்டம், விசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும். முறுக்கிப் பத்து நிமிஷம் கழித்து இன்னொரு முறையும் முறுக்க வேண்டும், உலோகப் பரப்புகள் படிந்து பிடி கொஞ்சம் இளகியிருக்கும். இந்த இரண்டாம் முறுக்கு நடந்ததா என்று நாற்காலியில் இருக்கும்போதே கேட்டுவிடலாம், தப்பில்லை.

தளர்ந்தால் கேப் லேசாக ஆடும், திரும்பும், வலி பெரும்பாலும் இருக்காது. பலர் இம்ப்ளாண்டே போச்சு என்று கலங்கிவிடுவார்கள். கடிக்கும்போது வலியோடு அடியோடு ஆடினால்தான் அந்தக் கவலை. ஸ்க்ரூ கேப் என்றால் காம்போசிட்டைக் குடைந்து, டேப்பை உருவி, புது ஸ்க்ரூ போட்டு முறுக்கி மூடினால் தீர்ந்தது. ஊட்டியிலோ குன்னூரிலோ பக்கத்து கிளினிக்கிலேயே முடியும், அந்த ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால். சிமெண்ட் கேப் என்றால் அடியில் ஸ்க்ரூ எங்கே என்று ஊகித்து கேப்பில் துளை போட வேண்டும். பல நேரம் கேப் விரிசல் விட்டுப் புதிது செய்ய வேண்டியதாகிவிடும். ஆடுகிற கேப்பில் மென்றுகொண்டே நாளைக் கடத்தினால் ஸ்க்ரூ உள்ளே உடையும். உடைந்த துண்டை எடுக்கப் போய் இம்ப்ளாண்டின் உள்மரை கெட்டால் மொத்தமும் வீண். ஜூலை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடுகிற ஊரில் இந்த வித்தியாசம் பெரிது.

இதெல்லாம் பலிக்க ஒரு காகிதம் தேவை. இம்ப்ளாண்டின் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர் டப்பாவிலேயே வரும். அபட்மெண்ட் விவரம், டிரைவர் அறுகோணமா நட்சத்திரமா, எவ்வளவு முறுக்கு என்பதையும் சேர்த்து எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் ஸ்க்ரூ கேப்பின் சாதகத்தில் பாதி போயிற்று.

சிமெண்டின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. முன்பல்லில் இம்ப்ளாண்ட் சாய்ந்து நின்றால் ஸ்க்ரூ ஓட்டை முகப்பில் வந்துவிடும். ஓட்டையைச் சாய்த்துக் கொண்டுபோகும் அபட்மெண்ட் உண்டு, அதுவும் சுமார் 25 டிகிரிவரைதான். நாலைந்து பல் சேர்ந்த பாலத்தில் (பிரிட்ஜ்) சிறு அளவுப் பிசகைச் சிமெண்ட் மறைத்துக்கொடுக்கும், ஸ்க்ரூ கொடுக்காது. நான் அடித்துச் சொல்வது ஒற்றைக் கடைவாய்ப்பல்லுக்கு மட்டும். முன்பல்லுக்கும் பாலத்துக்கும் உங்கள் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வதைக் கேளுங்கள். ஸ்க்ரூவிலும் குறை இருக்கிறது. மேல் காம்போசிட் தேய்ந்து விழும், உணவு அடைந்து நாறும், ஓட்டை ஓரத்தில் பீங்கான் பெயரும், லேபில் ஒட்டிய இடம் விட்டுக்கொள்வதும் உண்டு. எல்லாம் கழற்றிச் சரிசெய்யக்கூடியவை.

தினசரிப் பராமரிப்பில், இரவு ஒரு தரம் இடைப்பல் பிரஷ். கம்பியின் மேல் நைலான் பூசியதாக, இடுக்கில் திணிக்காமல் போகிற அளவாக இருக்கட்டும். சாதா ஃப்ளாஸ் சொரசொரப்பான விளிம்பில் சிக்கி நூல் உள்ளே தங்கிவிடும், அதுவே புண்ணாகும். நடுவில் பஞ்சுபோல் தடித்த சூப்பர் ஃப்ளாஸ் தேவலை. வாட்டர் ஃப்ளாஸர் துணைக்குத்தான், பிரஷுக்குப் பதிலாகாது. கொட்டைப்பாக்கு கடிக்கிறவர்கள் நிறுத்த வேண்டும். இம்ப்ளாண்டில் அதிர்ச்சி தாங்கும் சவ்வு இல்லை, அதிகமாக அழுத்துகிறோம் என்றும் தெரியாது. தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு இரவில் பல்லின் மேல் மாட்டும் நைட் கார்ட் உறை வேண்டும். கிளீனிங்குக்கு வேறு டாக்டரிடம் போனால் இது இம்ப்ளாண்ட் என்று முதலிலேயே சொல்லுங்கள், சாதாரண ஸ்டீல் முனை கீறிவிடும்.

ஏற்கெனவே சிமெண்ட் போட்டாயிற்று என்றால் அடித்துக்கொள்ள வேண்டாம். கேப் ஒட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயை வாங்கி வைத்து ஒரு வருஷம் கழித்து எடுத்ததோடு ஒப்பிடுங்கள். ரத்தக் கசிவு தெரிந்தால் சிமெண்ட் மிச்சத்தைத் தேடச் சொல்லுங்கள். இனிதான் ஒட்டப்போகிறார்கள் என்றால், விளிம்பை ஈறு மட்டத்தில் வைக்கவும் எக்ஸ்ரேயில் தெரிகிற சிமெண்டைக் கொஞ்சமாகத் தடவவும் கேளுங்கள். ஒட்டுமுன் அபட்மெண்டின் ஸ்க்ரூ ஓட்டை தெரிய மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். பின்னால் துளை போடுகிறவருக்கு எங்கே துளைப்பது என்று அது காட்டிக்கொடுக்கும்.