லாரிக்குக் கூடுதல் விளக்கு பொருத்தக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

லாரி முன்பக்கம் தூரம் பாயும் விளக்கு பொருத்த நினைக்கும் அண்ணன் தம்பிகளே, பட்டறையில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறை என்னிடம் 780 வெள்ளி வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த வேலை, சாலையில் எதிரே வருகிறவர்களின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

என்னுடையது 14 அடி லாரி, 24 வோல்ட். விடியுமுன் லிம் சூ காங் பண்ணைகளில் முட்டையும் கீரையும் ஏற்றி வருவதுதான் பிழைப்பு. மரங்கள் கவிந்த அந்தப் பண்ணைச் சாலைகளில் மழை பிடித்துக்கொண்டால் சாலையோரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதற்காகத்தான் விளக்கு கேட்டேன். 24 வோல்ட் விளக்கு ஒரு ஜோடி, சுவிட்சுக்குப் பதில் பெரிய மின்சாரத்தைத் தாங்கித் திறந்து மூடும் ரிலே, பியூஸ், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம் என்றார் பட்டறை முதலாளி. ரசீதிலும் “24 வோல்ட் விளக்கு, ரிலேயுடன்” என்றே எழுதினார். ஒப்புதல் தாள் பிறகு வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

குட்டு வெளிப்பட்டது பேட்டரியால். ஒரு நாள் அதிகாலை வண்டி கிளம்பவில்லை. சுங்கை காடுட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் வந்து பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இணைந்து 24 கொடுக்கும். அதில் ஒன்று வற்றிக் கிடந்தது. மற்றதில் தண்ணீர் கொதித்துக் குறைந்திருந்தது. இரண்டையும் இணைக்கும் கம்பியிலிருந்து ஒரு சிவப்பு வயர் கிளம்பி பம்பர் வரை போயிருந்தது. “தம்பி, இது காருக்குப் போடும் 12 வோல்ட் விளக்கு. பாதி மின்சாரத்தை நடுவிலிருந்து உருவியிருக்கிறார்கள்” என்றார்.

இதன் தீமையைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர். அத்தனையும் ஒரே பேட்டரியிலிருந்து போகிறது. ஆனால் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் இரண்டையும் ஒன்றாகவே சார்ஜ் செய்கிறது. இறங்கிய பேட்டரி நிறைவதே இல்லை, நிறைந்த பேட்டரிக்கு அளவுக்கு மேல் ஏறுகிறது. கடைசியில் இரண்டும் போய்விடும்.

ரிலே இல்லை. பியூஸ் இல்லை. பம்பர் தகட்டின் ஓரத்தில் வயர் உராய்ந்து உறை கிழிந்து, செம்பு பளபளத்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்து அது தகட்டைத் தொட்டிருந்தால் தடுத்து நிறுத்த நடுவில் எதுவுமே இல்லை; வண்டி தீப்பிடித்திருக்கும். சுவிட்சும் தனி. முகப்பு விளக்கின் ஹை பீமை இறக்கினாலும் இந்த விளக்குகள் அணையாது.

எனக்கு ஆறாத கோபம் ஒளியைத் திருப்பி வைத்த விதத்தில்தான். பாரமில்லாத லாரியை, சரிவான வாசலில் நிறுத்தி, எதையும் அளக்காமல் கண்ணால் பார்த்தே போல்ட்டை முறுக்கிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும் என்பது லாரி தொட்ட எவருக்கும் தெரியும். ஒரு டிகிரி மேலே போனாலே 50 மீட்டர் தள்ளி ஒளி சுமார் 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். என் பம்பரில் விளக்கு இருக்கும் உயரத்தோடு கூட்டினால் அது சைக்கிளில் வருகிறவரின் முகம். எதிரே வந்த ஒருவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு புல்வெளியில் இறங்கியதைப் பார்த்தேன். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த 780 வெள்ளி ரசீது என்ன பதில் சொல்லும்?

முறை கடினமானதே அல்ல. வழக்கமான பாரம், சரியான டயர் காற்று, இருக்கையில் ஓட்டுநர். சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டி. விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் நாடா ஒட்ட வேண்டும். ஒளியின் அடர்ந்த பகுதி அந்த நாடாவில் அல்லது சற்றுக் கீழே விழ வேண்டும், அதைத் தாண்டி மேலே போகவே கூடாது. விளக்கைப் பிடிக்கும் தாங்கியை மெல்லிய தகட்டில் ஒற்றைப் போல்ட்டில் மாட்டினால் நாலு குழியில் எல்லாம் கலைந்துவிடும். என் வண்டியில் அப்படித்தான் மாட்டியிருந்தார்கள்.

பட்டறைக்குத் திரும்பப் போனேன். “விளக்கு எரிகிறதா இல்லையா?” என்றுதான் கேட்டார் முதலாளி. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

விளக்குகளைக் கழற்றியாயிற்று. வாகன மாற்றங்களில் ஒப்புதல் தேவையில்லாதவை, ஒப்புதல் பெற வேண்டியவை, கூடவே கூடாதவை என்று ஆணையம் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் வாங்கும் விளக்கு எதில் சேரும் என்று நீங்களே அவர்களிடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பட்டறைக்காரரின் வாய்ச்சொல் வாகனச் சோதனை நிலையத்தில் செல்லாது.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, வயரின் படங்கள், மெக்கானிக் அண்ணன் எழுதித் தந்த குறிப்பு மூன்றையும் சேர்த்திருக்கிறேன். அண்மையில் எங்காவது விளக்கு மாட்டியிருந்தால் இன்றே பேட்டரிப் பெட்டியைத் திறந்து, இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கம்பியைப் பாருங்கள். அதிலிருந்து கூடுதலாக ஒரு வயர் போயிருந்தால் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.