44 ஒலி அட்டைகள்: வாங்குமுன் ‘ம்’ கேட்டுப் பாருங்கள்

ஆங்கிலம் வாசிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் அட்டைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் படம், கூடவே ஒலிப்பதிவு. மூடியில் ‘26 எழுத்து, 44 ஒலி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 44 என்பது பிரிட்டிஷ் உச்சரிப்புக் கணக்கு. பதிந்திருப்பது அமெரிக்கக் குரல் என்றால் சில உயிரொலி அட்டைகள் சும்மா கிடக்கும்.

முதலில் ஒலிப்பதிவைச் சோதியுங்கள். எம் அட்டைக்கு ‘ம்’ என்று வர வேண்டும். ‘ம’ என்று வந்தால் அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள். ம்-இ-ல்-க் சேர்ந்தால் மில்க். ம-இ-ல-க என்று எத்தனை தடவை சொன்னாலும் மில்க் வராது. புள்ளியில் இருக்கிறது விஷயம்.

அதைவிடப் பெரிய குறை, எந்த எழுத்து எங்கே வரும் என்று சொல்லாதது. ‘க்’ ஒலிக்கு சி, கே, சி-கே மூன்றையும் ஒரே அட்டையில் அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். விதியோ சின்னது. ஓரசைச் சொல்லின் கடைசியில், ஒற்றைக் குறிலை ஒட்டி வந்தால் சி-கே: லாக், எல்-ஓ-சி-கே. முன்னால் ஒரு மெய் நின்றால் வெறும் கே: மில்க். உயிரெழுத்து இரண்டு நின்றாலும் அப்படியே: லுக், எல்-ஓ-ஓ-கே. லேக் மாதிரி ஏ நீண்டால் கே-க்குப் பின் ஒரு ஈ. கல், தங்கம், பகல் மூன்றிலும் இடம் பார்த்து ககரத்தின் ஒலியை மாற்றுகிறோமே, அங்கே இடம் பார்த்து எழுத்தை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ஈ முன்னால் உள்ள உயிரை நீட்டும் என்கிற ‘மேஜிக் ஈ’ அட்டை பாதி உண்மை. நேம், லேக் சரி. லவ், கிவ் இரண்டிலும் உயிர் நீளவில்லையே? ஆங்கிலச் சொல் வழக்கமாக வி-யில் முடியாது, அதற்காக நிற்கும் ஈ அது. டான்ஸ் என்பதிலோ சி-யை ‘ஸ்’ ஆக்குவது அதன் வேலை.

இறந்தகால ஈ-டி-க்குப் பல பெட்டிகளில் அட்டையே இல்லை. வெற்று அட்டையில் நீங்களே எழுதிச் சேருங்கள்: வாக்ட், ப்ளேய்ட், வான்டட் என்று ஒலி மூன்று, எழுத்து ஒன்று. இன்னொன்றில் சைன், சிக்னேச்சர் இரண்டையும் அருகருகே எழுதுங்கள். முதல் சொல்லில் வாய் திறக்காத ஜி இரண்டாவதில் பேசும்.