காகோ-2 சோதனையை வெளியே கொடுக்கிறீர்களா? கொஞ்சம் உஷார்

வாயால் உட்கொள்ளும் மருந்துக்காக மூலக்கூறு செய்துவிட்டு, அது குடலில் உறிஞ்சப்படுமா என்ற சோதனையை மட்டும் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும் சிறிய குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு ஒப்பந்த ஆய்வகம் எங்கள் மூலக்கூறுகளுக்கு காகோ-2 அறிக்கை கொடுத்தது. வண்ண வரைபடங்கள், நேர்த்தியான அட்டவணை, பெரும்பாலானவற்றுக்கு ‘உயர் ஊடுருவல்’ என்ற முத்திரை. அவற்றில் பலவும் ஒழுகும் செல் அடுக்கில் எடுத்த எண்கள்.

காகோ-2 என்பது மனிதப் பெருங்குடல் புற்றிலிருந்து வந்த செல் வகை. நுண்துளை வடிகட்டியின் மேல் ஏறக்குறைய 21 நாள் வளர்த்தால், சிறுகுடலின் உள்சுவர் போல நெருக்கமான ஒற்றை அடுக்காகிவிடும். மேலே மருந்தை விட்டு, கீழே எவ்வளவு வந்தது என்று அளப்பார்கள். செல்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் மருந்து அதன் வழியாகவே கீழே இறங்கிவிடும். அப்போது வரும் எண்ணுக்கும் உறிஞ்சுதலுக்கும் சம்பந்தமே இல்லை.

சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு மூலக்கூறு. கனமானது, ஹைட்ரஜன் பிணைப்புத் தரும் தொகுதிகள் நிறைய உள்ளது; இப்படிப்பட்டவை பொதுவாக எளிதில் ஊடுருவாது. அது, வேகமாக ஊடுருவும் என்று தெரிந்த இரத்த அழுத்த மருந்தான புரோப்ரனோலாலுக்கு இணையாக ஊடுருவியதாம்! விளக்கம் கேட்டோம். “புரோப்ரனோலால் மதிப்பு சரியாக வந்திருக்கிறதே, சோதனையில் குறை இல்லை” என்று பதில் வந்தது. இங்கேதான் வித்தை இருக்கிறது. புரோப்ரனோலால் நல்ல அடுக்கையும் வேகமாகக் கடக்கும், கிழிந்த அடுக்கையும் கடக்கும். அடுக்கு முழுசாக இருக்கிறது என்று அதை வைத்துக் காட்டவே முடியாது. அதற்கு அட்டெனோலால், மானிட்டால் மாதிரி மெதுவாகக் கடக்கும் பொருள் வேண்டும். கேட்டால், “அது உங்கள் பேக்கேஜில் இல்லை.”

சரி, மூலத் தரவையாவது கொடுங்கள் என்றோம். இழுத்தடித்து, மேலாளர் மாறி, கடைசியில் ஒரு எக்செல் கோப்பு வந்தது. அதில் சில நெடுவரிசைகளை மறைத்து வைத்திருந்தார்கள். திறந்தால் லூசிபர் யெல்லோ அளவீடுகள். இந்த ஒளிரும் சாயம் செல்லுக்குள் எளிதில் நுழையாது. கீழ்ப்பக்கம் அது கூடினால் அடுக்கு ஒழுகுகிறது என்று பொருள். சோதனைத் தட்டில் எங்கள் மூலக்கூறுகள் இருந்த குழிகள் பலவற்றில் அது எகிறியிருந்தது. அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது! அடுக்கு எவ்வளவு நெருக்கமானது என்று காட்டும் மின்தடை அளவான டீர் (TEER) மதிப்பும் சோதனைக்கு முன் எடுத்தது மட்டும்தான் இருந்தது. மூலக்கூறோ கரைப்பானோ நடுவில் செல்லைக் கெடுத்திருந்தால், பின்னால் எடுக்கும் அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, மேலிருந்து கீழ் என்று ஒரு திசையில் மட்டுமே செய்திருந்தார்கள். குடல் செல்லில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பு உண்டு. உள்ளே வந்த மருந்தைப் பிடித்துத் திரும்ப வெளியே தள்ளும். இதய மருந்தான டிகாக்சின் இப்படித் தள்ளப்படுவதற்குப் பழக்கமான உதாரணம். கீழிருந்து மேலேயும் அளந்து, இரண்டுக்கும் விகிதம் பார்த்தால்தான் இது பிடிபடும். விகிதம் 2-க்கு மேல் போனால் பம்பு வேலை செய்கிறது என்று சந்தேகப்படுவது வழக்கம். வேறொரு ஆய்வகத்தில் இரு திசையிலும் செய்தபோது அந்தக் கனமான மூலக்கூறு மேலிருந்து கீழே அரிதாகவே வந்தது, எதிர்த்திசையில் தாராளமாகப் போனது. பம்பைத் தடுக்கும் வெரபமில் சேர்த்ததும் வித்தியாசம் பெருமளவு குறைந்தது. முதல் அறிக்கையை நம்பி இதை விலங்குச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போகத் தயாராகிக்கொண்டிருந்தோம்.

பழைய ஆய்வகம் இப்போது சொல்வது: “காகோ-2 எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும்.” உண்மைதான், மாறும். அதனால்தானே தெரிந்த மருந்துகளை உடன் ஓட்டுவது? ஊடுருவலைக் காட்டி உயிர்ச்சமானச் சோதனையிலிருந்து (இரண்டு மருந்துத் தயாரிப்புகள் உடலில் ஒரே அளவு சேர்கின்றனவா என்று மனிதர்களிடம் பார்ப்பது) விலக்கு கேட்பவர்களுக்கான, மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச்-இன் 2019 எம்9 வழிகாட்டியும், குறைவாக, நடுத்தரமாக, அதிகமாக உறிஞ்சப்படும் மருந்துகளை ஓட்டி முறையை நிரூபிக்கச் சொல்கிறது. நாங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை. ஆனால் தர்க்கம் ஒன்றுதானே.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த தொகுதிக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்! வேண்டாம் என்று எழுதிவிட்டோம். இப்போதெல்லாம் விலை கேட்கும்போதே, குறை ஊடுருவல் மருந்தும் இரு திசை அளவும் முன்பின் டீர் மதிப்பும் சேர்ந்ததா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம். போட்ட மருந்தில் எத்தனை சதவீதம் மீண்டது என்ற கணக்கும் வேண்டும். கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, உறிஞ்சப்படாதவை போல நடிக்கும். மூலத் தரவு தர மறுக்கும் இடத்துக்கு மாதிரி அனுப்புவதில்லை.