சார்லஸ் இங்கால்ஸ் கட்டிய வீடு: டி ஸ்மெட் நினைவகச் சுற்று பற்றிய மதிப்புரை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், ஆயிரத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட டி ஸ்மெட் என்னும் சிற்றூருக்கு ஆண்டுதோறும் கோடையில் வந்து சேர்பவர்களில் பெரும்பாலோர், லாரா இங்கால்ஸ் வைல்டர் என்ற எழுத்தாளரின் இளமைக்காலத்தைத் தேடி வருகிறார்கள். அவருடைய தந்தை சார்லஸ் இங்கால்ஸ் ஒரு தச்சர். 1957-இல் லாராவின் பெயரில் தொடங்கப்பட்ட நினைவுச் சங்கம் வழிகாட்டியுடன் நடத்தும் சுற்றை, மகளின் பெயரை மறந்துவிட்டு அந்தத் தச்சரின் குடும்ப வரலாறாகப் பார்க்கலாம் என்பதே என் பரிந்துரை. அப்படிப் பார்க்கும்போதுதான் அதன் முழு மதிப்பும் விளங்குகிறது.

சுற்றில் முதலில் காட்டப்படுவது நில அளவையாளர் வீடு. ரயில் பாதை போடும் வேலைக்காக 1879-இல் இங்கு வந்த சார்லஸ், ஊர் என்று ஒன்று உருவாவதற்கு முன்பே, மனைவி கரோலினுடனும் நான்கு மகள்களுடனும் அந்தக் குளிர்காலத்தை இதில்தான் கழித்தார். அக்காலத்தில் ஏரிக்கரையில் இருந்த வீட்டைப் பின்னர் பெயர்த்து ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். அடுத்து, ஊரின் முதல் பள்ளிக்கூடம். இவை இரண்டும் நன்றாகப் பேணப்பட்டவை, ஆனால் விரைவில் பார்த்து முடிக்கக்கூடியவை.

நேரத்தைச் சேமித்துவைத்துக்கொள்ள வேண்டியது மூன்றாம் தெரு வீட்டுக்காக. சார்லஸ் 1887-இல், ஐம்பதைக் கடந்த வயதில், தம் கையால் கட்டிய வீடு இது. லாரா 1885-இலேயே மணமாகிச் சென்றுவிட்டதால் அவர் இங்கு குடியிருந்ததே இல்லை. ஆகவே, அவரைத் தேடி வருபவர்கள் இதை அவசரமாகக் கடந்துவிடக்கூடும். மரமே அரிதான அந்தப் புல்வெளியில் கட்டுமான மரம் முழுவதும் ரயிலில்தான் வந்து இறங்க வேண்டியிருந்தது. பருத்த உத்திரங்களைத் துளையிட்டுப் பொருத்தும் பழைய முறைக்கு அங்கு வழியில்லை. மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, ஆணியடித்து, மேலே பலகை வேய்ந்து சுவர் எழுப்பும் முறையே சமவெளி ஊர்களையெல்லாம் உருவாக்கியது. கைப்பிடித்து ஏறும்போது அந்த மாடிப்படியின் குறுகலையும் செங்குத்தையும் கவனியுங்கள்: ஓரடி இடத்தையும் ஒரு பலகையையும் வீணாக்க விரும்பாத ஒருவரின் கணக்கு அதில் தெரிகிறது.

இந்த வீட்டின் அருமையை உணர, அதற்கு முன் அவர் விட்டுவந்த வீடுகளை அறிந்திருக்க வேண்டும். 1629-இல் மாசசூசெட்ஸில் குடியேறிய எட்மண்ட் இங்கால்ஸின் வழிவந்தவர் சார்லஸ். 1836-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, இளமையிலேயே பெற்றோருடன் மேற்கே நகர்ந்தவர். விஸ்கான்சினில் ஒரு வீடு. கான்சஸில், ஓசேஜ் பழங்குடி மக்களுக்குரிய நிலத்தில், ஒரு வீடு. அதை 1871-இல் கைவிட்டார். மினசோட்டாவில் வெட்டுக்கிளிகள் கோதுமையை அழித்தன. 1876-இல் ஒன்பது மாதக் கைக்குழந்தையாக இருந்த ஒரே மகனும் இறந்தான். மூத்த மகள் மேரி 1879-இல் பார்வையை இழந்தாள். டி ஸ்மெட் அருகே 1880-இல் பதிவுசெய்த 160 ஏக்கர் நிலம் 1886-இல் முறைப்படி அவருக்கு உரியதானது. ஆயினும் விவசாயம் அவரைக் காப்பாற்றவில்லை, உளியும் சுத்தியலுமே காப்பாற்றின. அந்த நிலமும் முன்பு டகோட்டா பழங்குடி மக்களுடையது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

1902-இல் சார்லஸ் இவ்வீட்டிலேயே காலமானார். அதன்பின் கரோலின் 1924 வரை இங்கு வாழ்ந்தார். பார்வையற்றோர் பள்ளியில் பயின்று திரும்பிய மேரி, குதிரைகளை ஈ மொய்க்காமல் காக்கும் வலைகளைப் பின்னி விற்று, குடும்ப வருமானத்துக்குத் தம்மால் இயன்றதைச் சேர்த்தார். ஒரு தச்சர் தம் மனைவிக்கும் பார்வையற்ற மகளுக்கும் விட்டுச்செல்லக்கூடிய மிகப் பெரிய சொத்தை அவர் விட்டுச்சென்றார் என்பதை அந்த அறைகளில் நிற்கும்போது நெகிழ்ச்சியுடன் உணர்ந்தேன். அவருடைய ஒரே பேத்தி ரோஸ் 1968-இல் மறைந்ததோடு நேர்வழி வாரிசுகள் எவரும் இல்லாமல் போயினர்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். சொந்த வாகனம் அவசியம். மூன்றாம் தெரு வீடு மற்றக் கட்டடங்களிலிருந்து சில தெருக்கள் தள்ளி இருக்கிறது. சார்லஸின் விவசாய நிலம் ஊருக்கு வெளியே, வேறொரு நிர்வாகத்தின் கீழ், தனிக் கட்டணத்துடன் இயங்குகிறது. சிறுவர்களுடன் வருபவர்களுக்கு அது ஏற்றது. அவர் வாசித்த வயலின் இங்கு இல்லை, மிசௌரி மாநிலத்தின் மான்ஸ்ஃபீல்டில் உள்ளது என்பதால் அதை எதிர்பார்த்து வர வேண்டாம். கட்டுமானத்திலோ குடும்ப வரலாற்றிலோ ஆர்வம் உள்ளவர்கள், அவரும் கரோலினும் மேரியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்து ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குவது நல்லது.